வீட்டில் ஒருவர் மட்டும்



வெளியிலிருந்து வரும் பிள்ளையைப் பார்த்ததும் நம் தாய்மார் கேட்கும் முதற் கேள்வி, "சாப்பிட்டியா?" என்பதுதான். பரீட்சை எப்படி எழுதினாய் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே ஒரு பிள்ளை, "அம்மா, எனக்கு இந்தச் சாப்பாடு இனிமேல் வேண்டாம்" என்று சொல்லும்போது, அது சோற்றை மட்டும் மறுப்பதாகத் தாய்க்குத் தோன்றுவதில்லை. சமைத்த கையையே தள்ளிவிட்டதாகத் தோன்றுகிறது.

சிங்கப்பூரில் இறைச்சி உண்ணும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த வீட்டில் பதினைந்து பதினாறு வயது மகனோ மகளோ, இறைச்சி, மீன், முட்டை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்கிறார். வீகன் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இம்முறைக்குத் தமிழில் நனிசைவம் என்ற சொல் வழக்கிற்கு வந்திருக்கிறது. வீட்டில் மற்ற எவரும் உடன் வரவில்லை. தந்தை சிரிக்கிறார், தாய் கலங்குகிறார், அண்ணன் கேலி செய்கிறான். இந்நிலையில் உடலும் கெடாமல் உறவும் கெடாமல் அந்தப் பிள்ளை தன் எண்ணப்படி வாழ முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. ஆனால் மன உறுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது.

முதலில் வீட்டாரின் பக்கத்தைப் பார்ப்போம். நம்மவர்களுக்கு இறைச்சியை விலக்கி வைப்பது புதிய செய்தியா என்ன? புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எத்தனை வீடுகளில் மீன் சட்டி கவிழ்த்து வைக்கப்படுகிறது! தைப்பூசத்திற்குக் காவடி எடுப்பவர்கள் பல நாள், சிலர் ஒரு மண்டலமாகிய 48 நாள், சைவ உணவு மட்டுமே உண்டு விரதம் இருக்கிறார்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை அவர்கள் நடக்கும்போது, குடும்பமே கூட நடக்கிறது. விரத நாட்களில் அவருக்கென்று தனிப் பாத்திரம், தனிச் சமையல். "உடம்பு என்னாவது, சத்துக்கு என்ன செய்வாய்" என்று ஒருவரும் கேட்பதில்லை.

அதே வீட்டில் பள்ளி மாணவி ஒருத்தி, தெய்வத்தின் பெயரைச் சொல்லாமல் ஆட்டின் பெயரைச் சொல்லி அதே உணவைக் கேட்டால் மட்டும் ஏன் இத்தனை கலக்கம்? இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. விரதத்திற்கு முடிவு நாள் உண்டு, இதற்கு இல்லை. விரதம் வீட்டின் நம்பிக்கையோடு சேர்ந்து போவது. இதுவோ, "நீங்கள் செய்வது தவறு" என்று வீட்டாரைப் பார்த்துச் சொல்வது போல ஒலிக்கிறது. பிள்ளை அப்படிச் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் காதில் விழும்.

இறைச்சியை விடுவதாவது பரவாயில்லை. பாட்டி மகிழ்ந்துபோய், "என் பேத்திக்கு நல்ல புத்தி வந்தது" என்பார். பாலையும் விடுகிறேன் என்ற மறு நிமிடமே அதே பாட்டி எதிர்க்கட்சிக்குப் போய்விடுவார்! நம் சைவம் பாலின் மேல் கட்டப்பட்டது. பிறந்த குழந்தைக்குச் சேனை, கோயிலில் அபிஷேகம், மணமக்களுக்குப் பாலும் பழமும், விருந்தின் முடிவில் மோர். பால் வேண்டாம் என்பவர் அசைவரிடமிருந்து மட்டுமல்ல, சைவரிடமிருந்தும் விலகி நிற்க நேர்கிறது.

லிட்டில் இந்தியாவின் தெருப்பெயர்களே இந்தப் பழைய உறவுக்குச் சாட்சி. பஃப்ளோ ரோடு எருமையின் பெயர் கொண்டது. அருகிலுள்ள கெர்பாவ் ரோட்டின் பெயரும் மலாய் மொழியில் எருமையையே குறிக்கும். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைப் பட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் மாட்டு வணிகத்தின் நடு இடமாக இருந்தது. பெலிலியோஸ் என்ற பெயரைத் தாங்கிய சாலை, அந்த வணிகத்தில் பெயர் பெற்ற ஒருவரை நினைவூட்டுகிறது. தமிழர் பலர் இங்கே மாடு வளர்த்தார்கள், பால் கறந்து வீடு வீடாக ஊற்றினார்கள். அருகிலேயே அறுப்புத் தொழிலும் நடந்தது. பட்டிகள் போய்விட்டன. இக்காலத்தில் பொங்கலை ஒட்டிக் காம்பெல் லேன் பக்கம் சில மாடுகளையும் ஆடுகளையும் கொண்டுவந்து கட்டுகிறார்கள். அடுக்குமாடி வீட்டில் வளரும் சிறுவர்கள் அங்கேதான் முதன்முதலாக ஒரு கன்றின் நெற்றியைத் தடவிப் பார்க்கிறார்கள். தடவிவிட்டு வீட்டுக்கு வந்து யோசிக்கும் பிள்ளைகளும் இருக்கத்தானே செய்வார்கள்?

பாலை ஏன் விடவேண்டும் என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் விடை எளிமையானது. கன்று ஈன்றால்தான் பசு பால் கொடுக்கும். பெரிய பால் பண்ணைகளில் கன்றைப் பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தாயிடமிருந்து பிரித்துவிடுவது பொதுவான வழக்கம். காளைக் கன்றால் பண்ணைக்குப் பயனில்லை, அது இறைச்சிக்குப் போகிறது. பால் வற்றிய பசுவும் கடைசியில் அங்கேயே போகிறது. ஆகவே பாலையும் இறைச்சியையும் பிரிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். இதை ஒப்புக்கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். ஆனால் விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

நம் இலக்கியத்திலேயே இப்படிப்பட்ட ஓர் இளைஞன் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன். பெற்றவள் விட்டுச் சென்ற குழந்தைக்கு ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காக்கிறது. பிறகு இளம்பூதி என்னும் அந்தணர் எடுத்து வளர்க்கிறார், வேதம் ஓதுவிக்கிறார். ஒருநாள் ஊரில் ஒரு வீட்டில் வேள்விக்காகக் கட்டிவைத்திருந்த பசுவைப் பையன் பார்க்கிறான். அது நடுங்கி நிற்பதைக் காணப் பொறுக்காமல், இரவில் அவிழ்த்து ஓட்டிச் செல்கிறான். ஊரார் பிடித்து அடிக்கிறார்கள். "இந்தப் பசு உங்களுக்கு என்ன கேடு செய்தது? பிறந்த நாள் முதல் பால் கொடுத்து ஊட்டுகிறதே" என்ற கருத்துப்பட அவன் வாதாடுகிறான். வாதத்துக்கு விடை வரவில்லை. அவனுடைய பிறப்பைச் சொல்லி இழிவு செய்கிறார்கள். வளர்த்த தந்தையே வீட்டைவிட்டு விலக்குகிறார். பிச்சைக்குப் போன இடத்தில் பாத்திரத்தில் கல்லைப் போடுகிறார்கள். அவன் மதுரைக்குப் போய்விடுகிறான்.

வாதத்துக்கு விடை சொல்ல முடியாதபோது ஆளைப் பழிப்பது அன்றைக்கும் வழக்கம், இன்றைக்கும் வழக்கம். ஆனால் ஆபுத்திரனுக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. இவனுக்குப் போவதற்கு மதுரை இல்லை. மூன்றறை அடுக்குமாடி வீட்டில் அதே சமையலறை, அதே மேசை, அதே தம்பி. ஆண்டு முடிவில் தேர்வு. கையில் அப்பா தரும் செலவுக் காசு. வீட்டோடு இருந்துகொண்டேதான் இதைச் செய்தாக வேண்டும்.

வீட்டோடு இருந்தே செய்த ஒருவரை இங்கிலாந்தில் காணலாம். டொனால்ட் வாட்சன், 1910-இல் யார்க்ஷயரில் பிறந்தவர். சிறுவயதில் தம் மாமாவின் பண்ணைக்குப் போவது அவருக்குப் பெரிய இன்பம். அங்கே ஒருநாள் பன்றி அறுப்பதைப் பார்த்தார், அதன் அலறலைக் கேட்டார். அன்புள்ள மாமாவே அதில் பங்குகொண்டதுதான் அவரை அதிகம் உலுக்கியது. 1924-இல், பதினான்காம் வயதில், புத்தாண்டு உறுதியாக இறைச்சியை விட்டார். குடும்பம் இறைச்சி உண்ணும் குடும்பம். பின்னர் அவருடைய உடன்பிறந்தவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். கோழி அடைகாத்து எழுந்து பார்த்தால் எல்லாம் வாத்துக் குஞ்சாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது என் கதை என்று அவர் தாய் சொன்னாராம். வாத்துக் குஞ்சுகளை அந்தத் தாய் விரட்டிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வாட்சன் வளர்ந்து மரவேலை ஆசிரியரானார். பாலையும் விட்டார். 1944 நவம்பரில், தம்மைப் போன்ற ஒரு சிலரோடு சேர்ந்து வீகன் சங்கத்தைத் தொடங்கினார். வெஜிடேரியன் என்ற சொல்லின் முதலையும் முடிவையும் சேர்த்து அந்தப் பெயரை உண்டாக்கினார்கள். 2005-இல், 95-ஆம் வயதில் மறைந்தார்.

இந்த 1944 என்ற ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் பி-12 என்ற சத்தைத் தனியே பிரித்தெடுத்தது 1948-இல்தான். அதாவது, தாவர உணவு மட்டும் உண்போருக்கு எது கட்டாயம் குறையுமோ, அந்தச் சத்தின் பெயர்கூட உலகத்துக்குத் தெரியாத காலத்தில் அவர்கள் தொடங்கிவிட்டார்கள். முன்னோடிகளுக்கு அறியாமை மன்னிக்கப்படும். இன்றைய பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பி-12 இரத்த அணுக்கள் உருவாவதற்கும் நரம்புகள் நலமாக இருப்பதற்கும் இன்றியமையாதது. அதை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றின் வழியாகவே அது நமக்கு இயல்பாகக் கிடைக்கிறது. காய், கனி, பருப்பு, தானியம் எதிலும் அது நம்பத்தக்க அளவில் இல்லை. தெம்பேயில் உண்டு, கடற்பாசியில் உண்டு, சுருள்பாசி மாத்திரையில் உண்டு என்று சொல்வார்கள். நம்பி இருந்துவிடாதீர்கள். நாளொன்றுக்குத் தேவைப்படுவது 2.4 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் இரண்டரைப் பங்குகூட இல்லை. இவ்வளவு சிறிய அளவுதானே என்று விட்டுவிடும்போதுதான் ஆபத்து. ஈரலில் இருக்கும் சேமிப்பு ஓராண்டு, ஈராண்டு, அதற்கு மேலும்கூட ஓடும். பிள்ளையும், "பாருங்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று பெருமையாகச் சொல்லும். பிறகு சோர்வு, வெளிறிய முகம், கைகால் மரத்துப்போதல், நினைவு மங்கல் என்று மெல்ல வரும். நரம்புக்கு நேர்ந்த கேடு நீண்டுவிட்டால் முழுவதும் திரும்பாமலும் போகலாம்.

வழி மிக எளிது. பி-12 மாத்திரை, அல்லது அச்சத்துச் சேர்க்கப்பட்ட சோயாப்பால், காலைத் தானிய உணவு. மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்கும், விலையும் பெரிதன்று. எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைப் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். "இயற்கை உணவு உண்பவன் நான், மாத்திரை எதற்கு" என்ற வீம்பு இங்கே உதவாது. காந்தியடிகளே 1912-இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டவர். 1918-இல் கடும் நோயில் விழுந்து தேறமுடியாமல் தவித்தபோது, பசு எருமைப் பாலைத்தானே விட்டீர்கள், ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபாய் வழிகாட்ட, 1919 தொடக்கத்தில் அதை ஏற்றுக்கொண்டார். விரதத்தின் எழுத்தைக் காத்து உயிரை விட்டுவிட்டேன் என்று அவர் மனம் வருந்தியது உண்மை. ஆனால் உடம்பு தன் கணக்கைக் கேட்டே தீரும்.

மற்றச் சத்துகள் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. புரதத்திற்குப் பருப்பு வகை, கொண்டைக்கடலை, நிலக்கடலை, தௌகுவா, தெம்பே. இரும்புச் சத்துக்குக் கீரை, பயறு, எள். அவற்றோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சேராது. பூப்பெய்திய பெண்பிள்ளைகள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். வளரும் வயதில் சுண்ணாம்புச் சத்து நாளுக்கு 1,000 மில்லிகிராம் அளவுக்குத் தேவை. கேழ்வரகும் எள்ளும் உதவும். சுண்ணாம்பு உப்பால் உறையவைத்த தௌகுவா நன்கு உதவும். ஆனால் கடையில் கோப்பையில் ஊற்றித் தரும் சாதாரணச் சோயாப்பாலைப் பசும்பாலுக்கு ஈடாக எண்ணிவிடக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. சத்துச் சேர்த்ததா என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்கவேண்டும்.

இனி, வெளியே சாப்பிடுவது. லிட்டில் இந்தியாவில் சைவ உணவகங்களுக்குக் குறைவில்லை. ஆனந்த பவன் 1924-இலும் கோமள விலாஸ் 1947-இலும் தொடங்கப்பட்டவை. ஆயினும் அவை சைவ உணவகங்கள், நனிசைவ உணவகங்கள் அல்ல. "அண்ணே, நெய் தடவாம ஒரு தோசை" என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் இடியாப்பம் பெரும்பாலும் தொல்லையில்லாதவை. சாம்பாரில் நெய் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். பரோட்டா மாவில் பெரும்பாலும் நெய்யோ கெட்டிப்பாலோ சேரும். காயாவில் முட்டை இருக்கிறது. தே என்று கேட்டால் கெட்டிப்பால் வரும், தே ஓ என்று கேட்கவேண்டும். கலவைச் சோற்றுக் கடையில் பச்சைக் கீரைதானே என்று வாங்கினால் அதில் உலர்ந்த இறால் ஒளிந்திருக்கும், சம்பாலில் பெலாச்சான் இருக்கும். சீனர் சைவக் கடைகள் உணவங்காடி நிலையங்கள் பலவற்றில் உள்ளன. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டத்தைப் பார்க்கவேண்டும்! அங்கும் போலி இறைச்சியில் முட்டை வெள்ளைக்கரு சேர்வதுண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சீனப் பாட்டிமார் இத்தகைய பிள்ளையிடம் நம்மவரைவிட அன்பாக இருப்பார்கள். பையன்கள் தேசிய சேவைக்குப் போகும்போது சைவ உணவு கேட்டுப் பெறலாம், ஆனால் பால் இல்லாத சைவம் என்பதற்கு முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

வீட்டுக்குத் திரும்புவோம், ஏனென்றால் சிக்கல் அங்கேதான். பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்று. சாப்பாட்டு வேளையில் வாதம் வேண்டாம். அப்பா ஆட்டுக்கறியைப் பிசைந்து வாயில் வைக்கும்போது அறுப்புக்கூடத்தைப் பற்றிப் பேசுவது உண்மையாக இருக்கலாம், ஆனால் நாகரிகமன்று. அதைவிடச் சட்டியைக் கையில் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பருப்பு, ஒரு தௌகுவாப் பொரியல், ஒரு கொண்டைக்கடலைக் குழம்பு செய்து எல்லாருக்கும் பரிமாறுங்கள். பாத்திரத்தையும் கழுவி வையுங்கள். தாயின் எதிர்ப்பில் பாதி, இரண்டு சமையல் செய்யவேண்டுமே என்ற களைப்புத்தான். அதை ஒருவரும் வெளியே சொல்வதில்லை.

படையல் வேறு. தாத்தாவின் நினைவு நாளில் அவருக்குப் பிடித்த மீனும் கறியும் இலையில் வைத்துக் கும்பிடும் வீடுகளில், "எனக்கு வேண்டாம்" என்ற சொல் இறந்தவரையே அவமதிப்பதாகப் போய்விடும். இலை போடலாம், பூ வைக்கலாம், விளக்கேற்றிக் கும்பிடலாம். உண்ணும் நேரத்தில் பழத்தை எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களும் அன்றைக்கு அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடலாம்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இளவயதினர் சிலர், உடம்பு மெலியவேண்டும் என்ற ஏக்கத்தைக் கொள்கைக்குள் மறைத்துக்கொள்வதும் நடக்கிறது. பிள்ளை நனிசைவ உணவை நிறைய, விருப்பத்தோடு சாப்பிடுகிறதா, அல்லது எந்த உணவிலும் குறை கண்டு தட்டைக் காலியாகவே வைத்திருக்கிறதா என்று பாருங்கள். எடை குறைகிறதா, மாதவிடாய் நின்றுவிட்டதா, மற்றவர்களோடு உட்கார்ந்து உண்பதையே தவிர்க்கிறதா? அப்படியானால் பேச்சு உணவுக் கொள்கையைப் பற்றியதன்று, உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, நன்றாக உண்ணும் பிள்ளையையும் நோயாளியாக நடத்தினால், அது மறைத்துச் சாப்பிடவும் பொய் சொல்லவும் பழகும்.

கட்டாயப்படுத்தி ஊட்டுவது, தெரியாமல் குழம்பில் நெய்யைக் கலந்துவிட்டுப் பிறகு, "பார், சாப்பிட்டாயே" என்று சிரிப்பது, இவற்றை நான் ஏற்கவில்லை. அந்த ஒரு சிரிப்புக்குப் பிறகு பிள்ளை வீட்டுச் சாப்பாட்டையே நம்பாது.

தாய்மார்கள் செய்யக்கூடியது மிகச் சிறிய காரியம். பருப்பு வெந்தவுடன், நெய் ஊற்றித் தாளிப்பதற்கு முன், ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து அதில் கொட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மேலே ஒரு தட்டைப் போட்டு மூடிவைத்தால், பள்ளி முடிந்து வரும் பிள்ளைக்கு அது போதும்.